எந்த அடியில் அழுகிறாள்?

விடைத்தாள் திருத்தும்போது நான் ஓரத்தில் அதிகமாக எழுதியிருக்கும் சொல் 'எங்கே?' என்பதுதான். 'இவ்வரிகளில் கவிஞர் இயற்கையைப் போற்றுகிறார்' என்று ஒருவர் எழுதியிருப்பார், பக்கத்தில் 'எங்கே?' என்று எழுதுவேன். 'தாயின் தியாகம் நம் நெஞ்சை உருக்குகிறது' என்று இன்னொருவர், அதற்கும் 'எங்கே?' கேள்விக்குறியைக் கொஞ்சம் அழுத்தியே போடுவேன், தாளின் மறுபக்கத்தில் தடம் தெரியும். வகுப்பில் எனக்கு 'எங்கே ஐயா' என்று ஒரு பெயர் இருப்பதும் தெரியும். அதில் உள்ளூரப் பெருமைதான். படித்ததை வைத்துப் பேசு, இல்லாததை இட்டு நிரப்பாதே என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது. சென்ற ஆண்டு ஒரு பெண் அந்தச் சொல்லை எடுத்து என் பக்கமே திருப்பினாள். அன்று தைத்த முள் இன்னும் வெளியே வரவில்லை.

பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறுந்தொகையில் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஐந்தே அடி. 'அங்கே யாரும் இல்லை, கள்வனான அவன் மட்டுமே. அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்? அவன் என்னைக் கூடிய அன்று, தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்க்கும் குருகும், அதாவது கொக்கும், இருந்தது' என்பது இதன் நேர்ப்பொருள். இதை நடத்தும்போது எனக்கென்று ஒரு முறை உண்டு. முதல் அடியைச் சாதாரணமாகப் படிப்பேன். இரண்டாம் அடியில் 'யானெவன் செய்கோ' வரும்போது குரலைத் தாழ்த்தி, கடைசி ஓகாரத்தைச் சற்று நடுங்கவிட்டு நிறுத்துவேன். வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு, 'ஏமாற்றப்பட்ட ஒரு பெண், கண்ணீர் மல்கத் தன் தோழியிடம் புலம்புகிறாள்' என்று விளக்கத்தைத் தொடங்குவேன். எத்தனையோ முறை சொன்ன வாக்கியம். தேய்ந்து வழவழப்பாகிவிட்ட கூழாங்கல்லைப்போல வாயில் தானாக உருளும்.

ஒட்டி வைத்த மேற்கோள்கள்

நடத்தி முடித்த பிறகு ஒரு வினா கொடுத்திருந்தேன்: 'தலைவியின் மனநிலையைப் பாடலடிகளைச் சான்று காட்டி விளக்குக.' இந்த 'சான்று காட்டி' என்ற சொற்களை வினாவில் சேர்த்தால் என்ன நடக்கும் என்பது திருத்துகிறவர்களுக்குத் தெரியும். விடை எப்போதும்போல வரும். நடுவில் எங்காவது ஒற்றை மேற்கோள்குறிக்குள் ஓர் அடி உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் 'என்ற அடியின் மூலம் அறியலாம்' என்று ஒரு வால் தொங்கும். 'தலைவி மிகுந்த துயரத்தில் இருக்கிறாள். இதனை, தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால என்ற அடியின் மூலம் அறியலாம்.' கொக்கின் கால் பசுமையாக இருப்பதிலிருந்து ஒருத்தியின் துயரத்தை எப்படி அறிவது? எழுதிய மாணவரிடம் கேட்டால் விழிப்பார். மேற்கோள் வேண்டும் என்றார்கள், வைத்தோம் என்பதுதான் உண்மை. இது கிழிந்த இடத்தில் ஒட்டிய துணிகூட இல்லை. கிழியாத இடத்தில் அழகுக்காகத் தைத்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். அந்த மேற்கோளை எடுத்துவிட்டு அதே பாட்டின் வேறோர் அடியை அங்கே வைத்துப் பார்ப்பது. விடை அசையாமல் அப்படியே நின்றால் அந்த மேற்கோளுக்கு அங்கே வேலை எதுவும் இருந்திருக்கவில்லை. உண்மையான சான்று அப்படி மாறிக்கொடுக்காது. அதை உருவினால் மேலே சொன்னது சரிந்து விழும்.

நினைவிலிருந்து எழுதுகிறவர்களிடம் வேறு வகைப் பிழைகள் வரும். அந்த வருடத் தாள் ஒன்றில் முதல் அடி 'யாரும் இல்லை யானே கள்வன்' என்று இருந்தது. ஓரெழுத்துத்தான் மாறியிருக்கிறது, தகரம் போய் யகரம் வந்திருக்கிறது. ஆனால் குற்றவாளியே மாறிவிட்டான்! அந்த மாணவர் சிலப்பதிகாரத்து வழக்குரை காதையும் படித்தவர் போலும். பாண்டியனுடைய 'யானே கள்வன்' நாக்கில் தங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவர் எழுதிய விளக்கமும் அந்தப் பிழையோடு ஒத்துப்போனது. 'தலைவி தன்மீதே குற்றம் சுமத்திக்கொள்கிறாள்' என்று எழுதியிருந்தார். தவறான பாடத்துக்குச் சரியான விடை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. சொன்னதை அடியோடு பொருத்திப் பார்த்திருக்கிறாரே, அதைத்தானே கேட்டேன்? உ.வே.சா. 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பைப் புரட்டினால், பிரதிபேதம் என்று தனியாகக் கொடுத்திருப்பார். ஏட்டுக்கு ஏடு எழுத்து எப்படி மாறியிருக்கிறது என்ற பட்டியல் அது. பொருள் சொல்வதற்கு முன்பு, எதற்குப் பொருள் சொல்கிறோம் என்பதை உறுதி செய்துகொள்ளும் வேலை. இப்போதெல்லாம் மேற்கோளைப் பார்த்து எழுதச் சொல்லி, புத்தகத்தைத் திறக்க விடுகிறேன். மனப்பாடத்தைச் சோதிப்பது வேறு நாளுக்கு.

மடிப்பில் கிழிந்த தாள்

இதையெல்லாம் வகுப்பில் விளக்க நானே கட்டிய ஒரு சிறு பத்தி உண்டு. 'அவன் கடிதத்தை மடித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பிரித்தான். மடிப்பு விழுந்த இடத்தில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது.' இதற்கு மூன்று வினா கேட்பேன். அவன் கடிதத்தை என்ன செய்தான்? இதற்குப் பத்தியைத் தொட்டாலே போதும். அதை அவன் இதற்கு முன்பு படித்திருக்கிறானா? இங்கே பாதி வகுப்பு 'பத்தியில் இல்லை' என்று சொல்லும். இருக்கிறது. ஒரு முறை மடித்த தாள் மடிப்பில் கிழியாது. பல முறை மடித்துப் பிரித்தால்தான் கிழியும். 'படித்தான்' என்ற சொல் பத்தியில் இல்லாவிட்டாலும் பலநாள் கையாண்டதற்கான அடையாளம் தாளிலேயே இருக்கிறது. மூன்றாவது வினா: அந்தக் கடிதம் அவனுக்குப் பிடித்திருந்ததா? கைகள் படபடவென்று உயரும். பிடித்திருந்தது என்பார்கள், காதல் கடிதம் என்பார்கள், அம்மா எழுதியது என்பார்கள். ஒருவர் மட்டும், 'வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கத்தானே செய்வார்கள்?' என்று கேட்டார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் காதல் கடிதம் என்று சொல்லவில்லை.

தமிழில் 'அடி' என்ற சொல் நல்ல வசதியாக அமைந்துவிட்டது. பாட்டின் வரியும் அடி, காலால் வைப்பதும் அடி. ஒரு விடை, பாட்டின் அடியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று கேட்கலாம். கடிதத்தை மடித்தான் என்பது அடியிலேயே நிற்பது. பலமுறை பிரித்திருக்கிறான் என்பது ஓர் அடி தள்ளி. அது அவனுக்கு முக்கியமான கடிதம் என்பது இரண்டடி. ஆனாலும் திரும்பிப் பார்த்தால் வந்த வழி தெரிகிறது. காதல் கடிதம் என்பது தெருவைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. தள்ளி நிற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அடியிலேயே நிற்கிறவர் சொன்னதைத் திரும்பச் சொல்கிறவராகத்தான் இருப்பார். இலக்கியத்தில் சுவையான இடங்கள் பெரும்பாலும் ஓரிரண்டு அடி தள்ளித்தான் இருக்கின்றன. திரும்பி வரத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு நயமாகப் பேசுகிற நான்தான் அந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று மாட்டிக்கொண்டேன்.

"எந்த அடியில், ஐயா?"

அந்தப் பெண் அதிகம் பேசாதவள். மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்காருவாள். அவளுடைய விடையில், 'தலைவி நடந்ததை எண்ணிப் பார்க்கிறாள்' என்று தொடங்கி நாலைந்து வரி எழுதியிருந்தாள். கண்ணீர், புலம்பல் எதுவும் இல்லை. என் விடைக்குறிப்பில் 'துயரம், கையறுநிலை, ஏமாற்றம்' என்று மூன்று சொற்கள். அவை எதுவும் இல்லாததால் பாதி மதிப்பெண் போட்டிருந்தேன். தாளை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அவள் அழுகிறாள் என்று சொன்னீர்கள். எந்த அடியில்?"

"'யானெவன் செய்கோ' என்கிறாளே அம்மா."

"அது 'நான் என்ன செய்வேன்' என்று கேட்பதுதானே, ஐயா? அழாமலும் கேட்கலாமே."

"ஏமாற்றப்பட்டவள் வேறு எப்படிக் கேட்பாள்?"

அவள் கரும்பலகையைப் பார்த்தாள். அங்கே என் கையெழுத்திலேயே 'பொய்ப்பின் = பொய்த்தால்' என்று அருஞ்சொற்பொருள் இருந்தது. "பொய்த்தால் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், ஐயா? பொய்த்துவிட்டான் என்று இல்லையே" என்றாள்.

அதில் குறும்பு எதுவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இருபது ஆண்டுகளாக 'ஏமாற்றப்பட்ட பெண்' என்று சொல்லி வந்திருக்கிறேன். அதே இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் 'பொய்த்தால்' என்று எழுதியும் வந்திருக்கிறேன். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது ஒரு நாளும் கண்ணில் படவில்லை. எழுதிய கை ஒரு பக்கம், பேசிய வாய் ஒரு பக்கம். மாணவர்கள் மேற்கோளை ஒட்டுகிறார்கள் என்று சலித்துக்கொண்டேனே, நான் செய்ததும் அதேதான். முடிவை முன்பே கையில் வைத்துக்கொண்டு அடியை அதன்மேல் ஒட்டியிருக்கிறேன்.

சமாளிக்க வேறு வழி தோன்றாமல், பழக்கதோஷத்தில், "எண்ணிப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அது எங்கே?" என்றேன்.

தயாராக இருந்தாள். "முதல் அடியில் யாரும் இல்லை என்கிறாள். கடைசி அடியில் குருகும் உண்டு என்கிறாள். முதலில் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து திருத்திக்கொள்கிறாள். அதன் கால் எப்படி இருந்தது, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதுவரை சொல்கிறாள். அழுகிறவர்கள் இவ்வளவு விவரம் சொல்வார்களா, ஐயா?"

கடைசி வாக்கியத்துக்கு என் வழக்கமான 'எங்கே?'வைப் போட்டிருக்கலாம். அழுகிறவர்களும் சில நேரம் கொக்கின் கால் நிறம்வரை சொல்வார்கள்; பெரிய துயரங்களில் மனம் இப்படி ஏதாவது ஓர் அற்பமான பொருளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அழவில்லை என்பதற்கும் அந்தப் பாட்டில் அடி கிடையாது. ஆனால் அவள் அதற்கு முன் சொன்ன மூன்றும் அடியிலேயே நின்றன. மதிப்பெண்ணைத் திருத்தினேன். அது சுலபமான பகுதி.

பாட்டுக்குள் யார் இருக்கிறார்கள்

அன்றிரவு அந்த ஐந்து அடியை, முதன்முதலாகப் பார்ப்பவனைப்போல, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு போனேன். பலமுறை போன வீட்டில் எத்தனை படிக்கட்டு என்று கேட்டால் தெரியாதல்லவா, அப்படித்தான் இருந்தது. முதலில் தெரிந்தது, பாட்டுக்குள் தோழி இல்லை என்பது. 'தோழி' என்ற விளி கிடையாது. கேட்பவர் ஒருவர் இருப்பதற்கான குறியே கிடையாது. 'வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது', அதாவது திருமணம் தள்ளிப்போனபோது தலைவி தோழிக்குச் சொன்னது, என்ற துறைக்குறிப்பு பாட்டுக்குக் கீழே இருக்கிறது. அது பாட்டோடு சேர்ந்து நம்மிடம் வந்திருக்கிறது என்றாலும் பாட்டின் அடி ஆகாது. சொல்லப்போனால் 'தலைவி' என்பதும் இல்லை. 'யான்' என்று ஒரு குரல். அந்தக் குரல் 'தான்' என்றும் 'கள்வன்' என்றும் சுட்டும் ஓர் ஆண். பிறகு ஒரு பறவை, ஒரு மீன். அவ்வளவு பேர்தான்.

அப்படியானால் துறைக்குறிப்பைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பழைய வாசகர் ஒருவருடைய விடை. அந்த விடை பாட்டோடு நன்றாகவே பொருந்துகிறது: 'மணந்த ஞான்று' என்று கடந்த நாளைச் சொல்கிறாள், 'பொய்ப்பின்' என்று வரப்போவதை அஞ்சுகிறாள், நடுவில் காலம் நீண்டுகிடக்கிறது. 'வரைவு நீட்டித்த' என்பது அங்கிருந்து ஓரடி தள்ளித்தான் நிற்கிறது. குறிப்பைக்கூடப் பாட்டில் பொருத்திப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம். 'கண்ணீர் மல்க' அந்தக் குறிப்பிலும் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் வெட்கத்தோடு கவனித்தேன். 'சொல்லியது' என்றுதான் இருக்கிறது.

பிறகு அந்த உம்மை. 'குருகு உண்டு' என்று இருந்தால் வேறு பாட்டு. 'குருகும்' என்கிறாள். நன்னூல் உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. வகுப்பில் அவற்றை மனப்பாடம் செய்யவைக்கிறோம், பாட்டில் வரும்போது கடந்து போய்விடுகிறோம். வேறு யாரோ இருந்தார்கள், அவர்களோடு குருகும் என்று எச்ச உம்மையாகக் கொள்ள முதல் அடி விடாது. 'யாரும் இல்லை' என்று அது கதவைச் சாத்திவிட்டது. அப்படியானால் அந்த உம்மைக்குள் என்ன இருக்கிறது? ஆள் என்று சொல்ல எவரும் இல்லை, போயும் போயும் ஒரு கொக்கு இருந்தது என்ற தொனியா? இல்லை, கொக்காவது இருந்ததே என்ற பிடிப்பா? இரண்டையும் அந்தச் சிறு ஒலி தாங்குகிறது. எது என்று அறுதியிட எனக்குத் துணிவில்லை. தேர்வில் ஒரு மாணவர் இரண்டில் எதை எழுதினாலும், முதல் அடியோடு சேர்த்துக் காட்டினால், முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அந்தக் குருகு செய்கிற ஒரே வேலை பார்ப்பது. ஐந்தடிப் பாட்டில் 'பார்க்கும்' என்ற சொல் அதற்கு மட்டும்தான் வருகிறது. சாட்சிக்கு வேண்டிய தகுதியும் அதுவே. ஆனால் எதைப் பார்க்கிறது? ஒழுகும் நீரில் ஆரல் மீனை. அவர்கள் இருவரையும் அது பார்க்கவே இல்லை என்று பாட்டுச் சொல்லவில்லை. அதன் பார்வை எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு விடுகிறது. 'பயனற்ற சாட்சி' என்று நான் வழக்கமாக எழுதிப்போடும் சொற்றொடர் இரண்டடி தள்ளி நிற்பது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். திரும்பி வர வழி இருக்கிறது, ஆகவே அதை விடத் தேவையில்லை. ஆனால் அதைப் பாட்டின் கூற்றுப்போலச் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் உறைத்தது. சொன்னதற்குச் சான்று கேட்கப்பட்ட நிலையில் நிற்பவள் அவள்தான். அவன் பொய்த்தால் என்ன காட்டுவாள்? இடம், காலம், இருந்த உயிர், அதன் அங்க அடையாளம், அப்போது அது செய்துகொண்டிருந்த வேலை என்று கையில் இருப்பதை எல்லாம் எடுத்து வைக்கிறாள். என் வினாவுக்கு இதைவிட ஒழுங்காக எந்த மாணவரும் விடை எழுதியதில்லை. இதுவும் என் வாசிப்புத்தான், பாட்டின் அடி இல்லை. மூன்றடியாவது தள்ளி நிற்கிறேன் என்று தெரிகிறது. நன்னூல், காண்டிகையுரை என்னும் சுருக்க உரைக்குக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்று ஐந்து உறுப்புச் சொல்லும். அங்கே காட்டு என்பது எடுத்துக்காட்டு. என் வசதிக்காக அதைச் சான்று என்று இழுத்துக்கொள்ள ஆசைதான். இழுத்துக்கொண்டால், காட்டு முதலில், வினாவும் விடையும் அப்புறம். நான் விடையை முதலில் வைத்துக்கொண்டு காட்டைத் தேடிப் போனேன்.

கண்ணீர் எங்கிருந்து வந்தது

பாட்டில் இல்லை, குறிப்பில் இல்லை என்றால், அந்தக் கண்ணீர் எனக்கு எங்கிருந்துதான் வந்தது? இதைக் கண்டுபிடிக்கச் சில நாள் ஆயிற்று. பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். கிடைத்தவற்றில் 'கண்ணீர் மல்க' ஏற்கெனவே இருந்தது, என் கையெழுத்தில், எந்தக் கேள்வியும் இல்லாமல். ஒரு நாள் வகுப்புக்குத் தயாராகும்போது பாட்டை வாய்விட்டுப் படித்தேன். 'செய்கோ'வில் குரல் தாழ்ந்து நடுங்கியது. அந்தத் தாழ்வும் நடுக்கமும் எனக்குச் சொந்தமானவை அல்ல. பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்தியவருடையவை. அவர் அந்த அடியில் நிறுத்தியபோது வகுப்பே உறைந்துபோனதும், நான் தமிழ் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் அந்தக் கணம்தான். அவர் 'அழுகிறாள்' என்று சொன்னாரா என்பதுகூட நினைவில்லை. குரல் தழுதழுத்தது, அதிலிருந்து அவள் அழுகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கபிலருடைய அடியை விட்டுவிட்டு, என் ஆசிரியரின் தொண்டையைச் சான்றாகக் கொண்டு இத்தனை ஆண்டு விடை எழுதியிருக்கிறேன்.

இந்த ஆண்டு நடத்தும்போது 'ஏமாற்றப்பட்ட' போய்விட்டது, 'கண்ணீர் மல்க' போய்விட்டது. 'செய்கோ'வில் குரல் மட்டும் இன்னும் தாழ்கிறது. அதை நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பெண் இப்போது மேல்வகுப்புக்குப் போய்விட்டாள். இருந்திருந்தால் இதையும் கேட்டிருப்பாள். உங்கள் ஆசிரியர் பாட்டுக்காகத்தான் குரல் தழுதழுத்தார் என்பதற்குச் சான்று எங்கே, ஐயா? அது மழைக்காலம். அவருக்குச் சளி பிடித்திருந்திருக்கலாம்.